ஒரு குடம் போதும்

இன்னும் எடுக்கப்படாத ஓர் ஆவணப்படத்துக்கு ஒரு நிமிட அனிமேஷன் டைட்டில் மட்டும் செய்துவரும்படி மாணவர்களிடம் சொன்னால், முதல் நாள் வந்து குவியும் விஷயங்கள் ஐ.நா. சபையின் நிகழ்ச்சி நிரலையே தோற்கடித்துவிடும்: பருவநிலை மாற்றம், பசி, போர், மனநலம், கடலில் பிளாஸ்டிக். நல்ல மனசுக்காரப் பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. ஆனால் விஷயம் பெரிதாகப் பெரிதாக, எல்லாருடைய படமும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. உலக உருண்டை சுற்றும். மரமொன்று இலையுதிர்ந்து பட்டுப்போகும். கடைசியில் பெரிய கண்களோடு ஒரு குழந்தை நம்மையே பார்க்கும். இந்த மூன்றையும் எந்தப் பிரச்சினைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். ரேஷன் அரிசி மாதிரி, எல்லார் வீட்டுக்கும் ஒரே மூட்டை. ஆகவே என் கட்சி இது: டைட்டிலுக்கு எடுக்கும் விஷயம் ஒரே ஒரு பொருளாகச் சுருங்க வேண்டும். சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதைத் தொடவே கூடாது.

கணக்கும் என் பக்கம்தான். திரையில் நொடிக்கு 24 பிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைத்து ஒப்பேற்றினாலும் நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720 ஓவியம். உருகும் பனிமேல் நிற்கும் கரடியின் ரோமத்தை 720 தடவை வரைந்தவருக்கு, அந்த இனம் அழிவதில் அவ்வளவாக ஆட்சேபம் இராது. 1915-இல் லூசிட்டானியா கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது அங்கே எந்தக் கேமராவும் இல்லை. அதை வரைந்தே காட்டிவிடுவது என்று அனிமேஷன் ஓவியர் வின்சர் மெக்கே உட்கார்ந்தார். 1918-இல் படம் வெளிவந்தபோது ஓவியங்கள் சுமார் 25,000 என்று கணக்குச் சொன்னார்கள். அத்தனை பொறுமை இருந்த மனிதரும் எடுத்துக்கொண்டது ஒரு கப்பலைத்தான், முதல் உலகப் போரை அல்ல.

இப்படிச் சுருக்கினால் பெரிய துயரம் சில்லறையாகிவிடாதா என்று கேட்பார்கள். 1955-இல் ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ வந்தபோது, ஹெராயின் அடிமையைப் பற்றிய படம் என்பதால் ஹாலிவுட் தணிக்கை முத்திரை தர மறுத்தது. அவ்வளவு ரகளையான சமாச்சாரத்துக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் டைட்டிலில் வைத்தது, காகிதத்தில் வெட்டியது போன்ற ஒரு கோணல் கை. ஊசி கிடையாது, கண்ணீர் கிடையாது. அந்தக் கை திருகிக்கொண்டிருப்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. “அவர் சால் பாஸ், நாங்கள் இரண்டாம் செமஸ்டர்” என்பது அடுத்த ஆட்சேபம். அதற்காகத்தானே சொல்கிறேன்? கோணல் கை இரண்டாம் செமஸ்டருக்கும் வரும். நேரான கைதான் யாருக்கும் வராது.

நம்மூர் விஷயத்துக்கு வருவோம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இதற்கு டைட்டில் செய்கிறவர் வெடித்த ஏரியையும் ரயிலையும் மழை பொய்த்த வானத்தையும் வரையப் போனால் பட்டம் வாங்குவதற்குள் மழையே வந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் குடம் போதும். கண் இல்லை, கை இல்லை, உதட்டசைவு இல்லை. மாணவர்களுக்கென்றே கடவுள் வார்த்த கதாநாயகி. சரி, குடத்தைக் கேமராவில் எடுத்தால் போதாதா, எதற்கு அனிமேஷன்? கேமராவுக்குக் குடம் குடமாகத்தான் தெரியும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவிலோ குடம் ஒரு ஆள். சொந்தக்காரி அடுப்பைப் பார்க்கப் போயிருக்கும்போது அவளுக்காக வரிசையில் நிற்பது அது. அதை யாராவது காலால் நகர்த்தினால் சண்டை அவளோடுதான். குடங்கள் தாமாக ஓரடி முன்னே நகர்வதையும், இடையில் புகுந்த குடத்தை மற்றவை இடித்துத் தள்ளுவதையும் வரைந்து காட்டினால் அது கற்பனையாகாது, தெருவின் சட்டத்தை உள்ளபடி பதிவு செய்தது ஆகும். ஆவணப்படம் என்றால் அதுதானே?

பெயர் போட இடம் தேட வேண்டிய தொல்லையும் இல்லை. குடம் மாறிப்போகாமல் இருக்கப் பெயின்டால் பெயர் எழுதி வைப்பது தெரிந்ததுதான். இசை பச்சைக் குடத்தில், படத்தொகுப்பு நீலத்தில் என்று வரிசை நகரட்டும். இயக்குநர் பெயர் கடைசியில் வருவதுதான் டைட்டில் மரபு. ஆகவே அவர் குடம் வரிசையின் கோடியில் நிற்கும். அதன் முறை வருவதற்குள் லாரி கிளம்பிப் போயிருக்கும்.