பார்வை நல்லாத்தான் இருக்காம்!

ஏலே தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்னலே, வாச்சா? எத்தனை எட்டு நடந்தேன்னு அதுதான் எண்ணிச் சொல்லுதோ? பேஷ்! காலு உன்னுது, கணக்குப்பிள்ளை அதுவா? சரி, பத்து வருசமா சர்க்கரையைக் கட்டிச் சுமக்கியே, கண்ணை எப்பம் காட்டினே? "பார்வை நல்லாத்தான் இருக்கு தாத்தா"ங்கே. அட சூரப்புலி!

ஊரே சொல்லுத சாக்கு அதுதான். தூரத்துல வார பஸ்ஸு போர்டு தெரியுதாம், அதனால கண்ணுக்கு ஒண்ணுமில்லையாம். சர்க்கரையால கண்ணுக்கு வார இந்தச் சனியன் மணியடிச்சுக்கிட்டா வரும்? விழித்திரையில பொடிப்பொடியா ரத்தக்குழாய் ஓடுது. சர்க்கரை ஏற ஏற அது நைஞ்சு, பழைய ரப்பர் டியூப்பு கணக்கா கசியும். வலிக்காது, உறுத்தாது, சிவக்காது. நடுவுல நீர் கோத்த பிறகுதான் எழுத்து கலங்கும். கண்ணு முன்னால கறுப்பாப் பூச்சி பறக்குதேன்னு நீ பதறும்போது, உள்ள ரத்தமே கசிஞ்சிருந்தாலும் இருக்கும்.

அப்பமும் நம்மாளு ஆஸ்பத்திரிக்கா போதான்? கண்ணாடிக் கடைக்குப் போதான். "பவரை மாத்து, நீல வெளிச்சத்தைத் தடுக்குத கண்ணாடியாப் போடு"ங்கான். செல்லுல கீறல் விழப்பிடாதுன்னு வாங்கின அன்னைக்கே கண்ணாடி ஒட்டுத பயலுக்கு, சொந்த விழித்திரைக்கு ஒரு நாள் ஒதுக்க நேரமில்லை. அறுப்பு முடியட்டும், கொடை முடியட்டும், மக கல்யாணம் முடியட்டும். கடைசியில முடியுதது பார்வைதான்.

இன்னொருத்தரு பெரிய கெட்டிக்காரரு. சோதனைக்கு ரத்தம் குடுக்க ரெண்டு நாளைக்கு முன்னயே அரைவயித்துக் கஞ்சி. சர்க்கரை இறங்கிட்டுன்னு மீசையை முறுக்குதாரு. மூணு மாசச் சராசரியைச் சொல்லுத பரிசோதனை ஒண்ணு இருக்குலே. தின்ன அல்வாவையெல்லாம் அது சபையில எடுத்து வச்சிரும்!

இந்தியாவுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரைன்னு 2023ல ஐசிஎம்ஆர் கணக்குச் சொல்லுச்சு. அதுல "எனக்குக் கண்ணுல வராது"ன்னு நினைக்கவன் எத்தனை கோடியோ! 2021ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு மாத்திரை வாசலுக்கே வருது. அதுக்காகக் கண்ணைக் கழத்தியா குடுத்தனுப்புவே?

கண்ணாஸ்பத்திரிக்குப் போனா என்ன செய்வாவ? சொட்டு மருந்து விடுவாவ. பாப்பா விரியுத வரைக்கும் பெஞ்சில கண்ணை மூடிட்டு இரு. அப்புறம் வெளிச்சம் அடிச்சு உள்ள பாப்பாவ. சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். வீராப்பா பைக்கை எடுக்காம மச்சினனைக் கூட்டிட்டுப் போ. வருசத்துக்கு ஒரு தடவை, அம்புட்டுதான். ஆரம்பத்துலயே பிடிச்சா, சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள்ள வச்சாலே பெரும்பாடு மிச்சம். முத்தினா லேசரு, கண்ணுக்குள்ள ஊசி, அதுக்கும் மேல ஆபரேஷன். எல்லாம் இருக்கதைக் காப்பாத்தத்தான். போனது முழுசாத் திரும்பும்னு நம்பாதே.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லிட்டுத் திரியுதோம். பழமொழி சொல்லக் கண்ணா வேணும், வாய் போதுமே! நல்லாத் தெரியும்போதே போனா நீயே நடந்து போவே. தெரியாமப் போனா ஒருத்தன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதே, எனக்கு முழங்கால் வலி.