தகப்பன்மாரே, வீட்டுப்பக்கமும் கொஞ்சம் வந்து போங்கோ

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிப் பக்கம் இருக்கிற தேத்தண்ணிக் கடையில வந்து குந்துங்கோ. உலக விசயம் எல்லாம் விளங்கும். மாசக் கடைசியில பெற்றோல் எத்தினை ரூவா கூடும் எண்டு ஒரு தம்பி அமைச்சருக்கு முன்னமே சொல்லுவார். ஹசரங்கவின்ர பந்து எந்தப் பக்கம் திரும்பும் எண்டு இன்னொருத்தர் விரலை மடக்கிக் காட்டுவார். நான் கேட்டுக் கொண்டிருந்திட்டு மெல்ல ஒரு கேள்வி போடுவன்: "தம்பி, உம்மட மகளின்ர வகுப்பு ரீச்சருக்கு என்ன பேர்?"

கடை அமைதியாய்ப் போகும். "அவ... அந்த மெல்லிய ஆள், கண்ணாடி போட்டவ..." எண்டு இழுப்பார். பேர் வராது. நானும் விடுறேல்லை. "மகள் எத்தினையாம் வகுப்பு?" அதுக்கும் விரலை மடக்கித்தான் எண்ணுவார்.

நான் வட்டக்கச்சியில வயல் செய்த கிழவன். மகள் கட்டி வந்த இடம் இது எண்டதால இஞ்சை வந்து ஒதுங்கிக் கிடக்கிறன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதில ஒரு வசதி இருக்கு. ஒண்டும் தெரியாதவன் மாதிரிக் கேள்வி கேக்கலாம், ஒருத்தரும் கோவிக்கிறேல்லை.

பிள்ளை பிறந்தவுடன ஒரு புத்தகம் குடுப்பினம், தெரியும்தானே? பெடியனுக்கு நீலம், பெட்டைக்கு ரோஸ். ரெண்டாம், நாலாம், ஆறாம் மாச ஊசி, ஒன்பதாம் மாசத்தில சின்னமுத்து ஊசி, வருசம் திரும்ப யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி எல்லாம் அதிலதான் பதிவு. பிள்ளையின்ர நிறையை மாசா மாசம் புள்ளி வைச்சுக் கோடு கீறுவினம். அந்தப் புத்தகம் வீட்டில எந்த லாச்சிக்குள்ள கிடக்கு எண்டு தெரிஞ்ச தகப்பன் இருந்தால் கையைத் தூக்குங்கோ, தேத்தண்ணி என்ர கணக்கில. மோட்டச்சைக்கிளுக்கு எத்தினை கிலோமீற்றரில ஒயில் மாத்திறது எண்டது மட்டும் எல்லாருக்கும் பாடம்.

எல்லாப் பழியையும் உங்கட தலையில போட நான் வரேல்லை. தப்பித் தவறிக் கிளினிக்குக்குப் போற தகப்பனுக்கும் மரியாதை கிடையாது. வாங்கு முழுக்கத் தாய்மார். இவர் பையைத் தூக்கிக் கொண்டு வெளியில மர நிழலில நிப்பார். பிள்ளையோட உள்ள போனாலும், "அம்மா எங்க?" எண்டு அவற்ற தோளுக்கு மேலால எட்டிப் பாப்பினம். வீட்டில ஆச்சிமார் அதுக்கும் மேல. அவன் பிள்ளையைத் தொட முதலே, "ஆம்பிளைக்கு என்ன தெரியும், குடு இஞ்சை" எண்டு பறிச்சுப் போடுவினம். அவரும் பெரிய மனத்தாபத்தோட குடுத்திட்டுப் போனை எடுப்பார். அந்த மனத்தாபத்தை நான் நம்புறேல்லை.

எங்கட வயலில தகப்பன்தான் பிள்ளையைப் பாத்தது. நான் பாத்திருக்கிறன். அது பாசம் பொங்கி வழிஞ்சு செய்த வேலை எண்டு நினையாதையுங்கோ. மனுசி களை பிடுங்க இறங்கினால் பிள்ளையை வரம்பில விடேலாது, பாம்பு கிடக்கும். அதால மரத்தடியில தகப்பன் வைச்சிருப்பான். வேலையும் வீடும் ஒரே காணிக்குள்ள கிடந்தது. இஞ்சை காலமை ஆறரைக்கு வெளிக்கிட்டு, பேஸ்லைன் வீதியில அரைவாசி ஆயுளைக் கழிச்சு, புறக்கோட்டையில நிண்டு, இரவு எட்டுக்கு வந்தால் பிள்ளை நித்திரை. அது நியாயம், விளங்குது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, தம்பி? அண்டைக்கு நித்திரை கொள்ளுறது நீர்.

2016 வைகாசியில களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்ததே, அப்ப நான் இஞ்சைதான். தகப்பன்மார் பிள்ளையளைத் தோளில வைச்சு நெஞ்சளவு தண்ணிக்குள்ளால நடந்து வந்ததைக் கண்ணால கண்டனான். பள்ளிக்கூடத்திலயும் பன்சலையிலயும் ஒதுங்கின நாளுகளில அவையள்தான் சோறு தீத்தி, கதை சொல்லி, மடியில படுக்க வைச்சது. சிங்கள ஆள், தமிழ் ஆள், முஸ்லிம் ஆள் எண்ட வித்தியாசம் இல்லை, எல்லாரும் நல்லாத்தான் செய்திச்சினம். ஒருத்தரும் வகுப்புக்குப் போய்ப் பழகேல்லை. பிறகு தண்ணி வத்தினது. தகப்பன்மாரும் வத்திப் போச்சினம். உங்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது எண்ட கதையை அண்டையிலயிருந்து நான் கேக்கிறேல்லை.

அரசாங்கமும் உங்களிட்டப் பெரிசா ஒண்டும் எதிர்பாக்கேல்லை. தாய்க்குப் பேறுகால லீவு 84 வேலை நாள். தகப்பன் அரச உத்தியோகத்தர் எண்டால் மூண்டு நாள். முதல் நாள் காசல் வீதி ஆஸ்பத்திரி வாசலில நிக்க, ரெண்டாம் நாள் சொந்தக்காரருக்குப் போன் அடிக்க, மூண்டாம் நாள் களைப்பாற. தனியார் கொம்பனியில நிக்கிறவருக்குச் சட்டத்தில அதுவும் இல்லை, முதலாளியின்ர மனசுதான் சட்டம். இந்தியாவில மத்திய அரசு ஊழியனுக்கு 15 நாள் குடுக்கினம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2013 இல, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பெம்பிளையள் குடும்பப் பின்னணி அறிக்கை குடுக்கவேணும் எண்டு கொண்டு வந்தினம். அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தால் தாய் போகேலாது. பிறகு 2022 இல அதை ரெண்டு வயசாக் குறைச்சினம். தகப்பன் டோகாவுக்குப் போனால்? ஒரு கிராம சேவகரும் படலையைத் தட்டி, "பிள்ளையை ஆர் பாக்கிறது?" எண்டு கேக்கேல்லை. பிள்ளையளை வளர்க்கிறது தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுப் பொறுப்பு எண்டு எழுதின ஐநா சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இலயே ஏற்றுக்கொண்டது. கையெழுத்து மட்டும் எங்கட ஆக்கள் நல்லாப் போடுவினம்.

ஸ்வீடன் எண்டொரு நாடு இருக்கு, பேத்தி போனில வாசிச்சுக் காட்டினவள். அங்க 1974 இலயே லீவைத் தாயும் தகப்பனும் பங்கிட்டு எடுக்கலாம் எண்டு சட்டம் போட்டவை. தகப்பன்மார் என்ன செய்தினம் எண்டு நினைக்கிறியள்? கிட்டத்தட்ட முழுவதையும் மனுசிமாருக்குத் தாரை வாத்துப்போட்டு வேலைக்குப் போச்சினம். 1995 இல அரசாங்கம் ஒரு கெட்டித்தனம் செய்தது. ஒரு மாசம் தகப்பனுக்கு எண்டு ஒதுக்கி, அவன் எடுக்காட்டி அந்த மாசம் வீண் எண்டு சொன்னது. பிறகு பாருங்கோ, ஓடி வந்து எடுத்தினம்! இப்ப மொத்தம் 480 நாளில 90 நாள் அவருக்கெண்டே கிடக்கு. சும்மா கிடைக்கிறது வீணாய்ப் போகுது எண்டால் எந்த நாட்டு ஆம்பிளைக்கும் மனம் பொறுக்காது.

அந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர் 2008 இல ஒரு கணக்கும் பாத்திருக்கினம். தகப்பன் பிள்ளையோட சேர்ந்து இருக்கிறதைப் பற்றி வருசக் கணக்காப் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளை எடுத்துப் பாத்தால், 22 இல பிள்ளையளுக்கு நன்மை. பெடியளின்ர குழப்படி குறையுது, பெட்டையளின்ர மனக்கஷ்டம் குறையுது, புத்தியும் வளருது. உங்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. புலமைப்பரிசில் முடிவு வாற அண்டைக்கு உங்கட ஆராய்ச்சியை நான் கேக்கிறனான். வெட்டுப்புள்ளிக்கு மேல எண்டால் "என்ர பிள்ளை", கீழ எண்டால் "உன்ர பிள்ளை".

புத்தி கேட்டால் சொல்லுறன், கேக்காட்டியும் சொல்லுவன். பெரிசா ஒண்டும் வேண்டாம். ஒரு வேலையை முழுசா எடுங்கோ. பின்னேரக் குளிப்பாட்டு, இல்லாட்டி அந்தக் கிளினிக் புத்தகம். அரைவாசி செய்துபோட்டு "துவாய் எங்க, சவுக்காரம் எங்க, சட்டை எங்க" எண்டு அடுப்படியைப் பாத்துக் கத்தினால், அது மனுசிக்கு ரெண்டு வேலை. பாம்பர்ஸ் பிழையாக் கட்டினால் ஒழுகும். ஒழுகினால் கழுவுங்கோ. ஆனி மாசம் தகப்பன் தினத்துக்குப் பிள்ளையோட படம் எடுத்துப் பேஸ்புக்கில போடுறதை இந்தக் கணக்கில சேர்க்கிறேல்லை.

பிள்ளையளே, பெம்பிளையளே, உங்களுக்கும் ஒண்டு. அரை நாள் வெள்ளவத்தையில தங்கச்சி வீட்டுக்குப் போங்கோ. போனை நிப்பாட்டி வையுங்கோ. போகேக்கை ஆச்சியையும் கையோட கூட்டிக் கொண்டு போங்கோ, அதுதான் முக்கியம். திரும்பி வரேக்கை பிள்ளையின்ர சட்டை பின்பக்கம் முன்னால கிடக்கும். வாயைத் திறவாதையுங்கோ. திறந்தால் அடுத்த முறை அவருக்கு நாரி நோ வந்திடும்.

கடைசியா முதலாளிமாருக்கு: சட்டம் வருமட்டும் பாத்துக் கொண்டிராமல், பிள்ளை பிறந்த பெடியனுக்கு ஒரு கிழமை சம்பளத்தோட லீவு குடுங்கோ ஐயா. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்தக் கிழமை அவன் கந்தோருக்கு வந்தாலும் மேசையில தலையை வைச்சு நித்திரைதான் கொள்ளுவான்.