டிவிஆர் பெட்டியின் ஆயுள்: வந்தாறுமூலையை முன்வைத்து ஒரு கள ஆய்வு

இவ்வாய்வின் எல்லை, மட்டக்களப்பிலிருந்து போகும் திருகோணமலை வீதியில் செங்கலடிக்கும் மாவடிவேம்புக்கும் இடைப்பட்ட நிலம். 1981இல் மத்திய மகா வித்தியாலய வளவுக்குள் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாகிய பின் இவ்வூரில் ஆராயப்படாத பொருள் அருகிவிட்டது. கூத்தை ஆராய்ந்தாயிற்று, வாவியையும் ஆராய்ந்தாயிற்று. எஞ்சியிருப்பது, கம்பஸ் வாசலை ஒட்டிய கடைகளில் லாச்சிக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஒட்டடையோடு மினுங்கும் கமராப் பெட்டி. அறிஞர் இதனை டிவிஆர் என்பர்.

ஆய்வுச் சிக்கல் இது: ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டிக்குள் புதிய மென்பொருளை ஏற்றும் ஆசை மனிதருக்கு ஏன் வருகிறது?

முன்னோர் இத்துறையைத் தொடாமல் இல்லை. வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்று 1995இலேயே கணினி அறிஞர் நிக்லாஸ் வர்த் எழுதினார். 1999இல் அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதியும் அதன் உள்ளே ஓடியது லினக்ஸ். மூலநிரலை யாரும் வாங்கித் திருத்தலாம். ஆனால், திருத்திய நிரலைக் கொண்டுபோனால் கையொப்பம் சரியில்லை என்று பெட்டி திருப்பி அனுப்பிவிடும். 2007இல், கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு எழுதப்பட்டதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். நமது கடைப் பெட்டிகளுக்கு அத்தகைய சுயமரியாதை குறைவு. கொடுத்ததை விழுங்கிவிட்டுப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சாதி அவை.

உடற்கூற்றை நோக்கின் காரணம் விளங்கும். படத்தைச் சுருக்கும் வேலையைச் செய்வது சிப்பில் வார்க்கப்பட்ட சுற்று. 2003இன் எச்.264 முறைக்கென வார்த்த சிப், 2013இல் வந்த எச்.265ஐ எந்த அப்டேட்டாலும் கற்காது. நிரல் குடியிருக்கும் ஃபிளாஷ் நினைவகமோ பல பெட்டிகளில் 8 அல்லது 16 மெகாபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கலியாண வீடியோவுக்கே அது காணாது. போதாக்குறைக்கு, ஒரே மூடி, ஒரே ரிமோட் உள்ள இரு பெட்டிகளுக்குள் வேறுவேறு பலகை இருக்கும். பக்கத்துக் கடைப் பெட்டிக்குப் பொருந்திய கோப்பு நமது பெட்டியைக் கல்லாக்கும்.

இக்கட்டத்தில் நிகழும் உரையாடலுக்கு ஊரெங்கும் ஒரே பாடம்தான்:

"பெட்டி நல்லாத்தானே மனே கிடந்த. நீ ஏன் அப்டேட் குடுத்த?"

"புது வேர்ஷன் வந்திருக்கு எண்டு போன்ல காட்டின அண்ணன்."

"மறுகா?"

"மறுகா படம் வரல்ல."

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. பெட்டிக்கு வயதாகவில்லை, வயதானது சுற்றம். பல பெட்டிகளின் படத்தைக் கணினியில் பார்க்க இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதற்கு 2022 ஜூன் 15இல் ஓய்வு கொடுத்துவிட்டது. இழவு அங்கே விழ, ஒப்பாரி இங்கே கேட்கிறது.

அடுத்தது காலம். ஆய்வாளர் என்ற முறையில் இங்கே சற்று நிற்க அனுமதி வேண்டும், ஏனெனில் கமராப் பெட்டி சொல்லும் சாட்சியத்தில் பாதி படம், மீதி அதன் மூலையில் ஓடும் நேரம். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டையொட்டி, மீண்டும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்கே வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996இன் மாற்றங்களை ஏற்கவேயில்லை. ஆகவே, வாவியின் அரசுப் பக்கமான எழுவான்கரையில் படகுப்பாதையில் ஏறியவர், புலிகளின் பக்கமான படுவான்கரையில் இறங்கும்போது புறப்பட்ட நேரத்துக்கு முன்னரே போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. ஐன்ஸ்டைனுக்கு இந்தத் துறை தெரியாமற் போனது பௌதிகவியலின் நட்டம்.

விண்டோஸ் எக்ஸ்பியின் பழைய பட்டியலில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரம் ஆறு மணி வலயத்தில் இருந்தது. அத்தகைய பட்டியலைச் சுமந்த பெட்டியில் நம் ஊரைத் தெரிவுசெய்தால், காலை ஒன்பதுக்கு நடந்த களவு ஒன்பதரைக்குப் பதிவாகும். கள்ளன் அந்த அரை மணித்தியாலத்தில் செங்கலடிச் சந்தியில் பிளேன்ரீ குடித்ததற்குச் சாட்சி வைத்துக்கொள்வான். மருந்து எளிது: பட்டியலில் சென்னையைத் தெரிந்தால் போதும். தேசபக்தர் மன்னிக்க.

கடவுச்சொல் விடயத்தில் பகிடி இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடு இணையத்தில் கிடந்த கமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டியது. ஒக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. மளிகைக்கடைப் பெட்டியும் உலகப் போருக்கு ஆள் அனுப்பக்கூடும்.

ஆகவே முடிபு: பழைய பெட்டியில் முதலில் திருத்தவேண்டியவை கடவுச்சொல்லும் கடிகாரமும். கடிகாரத்துக்கு ரிமோட் போதும். கடவுச்சொல் சில பெட்டிகளில் மாற்றவே முடியாதபடி பதிந்திருக்கும். அவற்றுக்கு இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடுவதே வைத்தியம். புதிய மென்பொருள் உண்மையிலேயே தேவைப்படும் நாள் ஒன்று உண்டு. நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பெட்டிகளுக்கு எண் தீர்ந்துபோவது 2038 ஜனவரி 19, இலங்கை நேரம் காலை 8.44. அன்று செவ்வாய்க்கிழமை, கடை திறந்திருக்கும்.