அறை தேடும் படலம்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வருகிறேன். அறை எடுக்கத் திருநெல்வேலியா, கொக்குவிலா, நல்லூரா நல்லது?
– ஒரு மாணவி, மட்டக்களப்பு

பதில்: எந்தப் பீடம், பிள்ளை? பொறியியல், விவசாயம் என்றால் மூன்றும் வேண்டாம்; அந்தப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன.

கலைப்பீடம் என்றால் திருநெல்வேலியில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வளாகம் தொடங்கியதிலிருந்து அந்த ஊருக்கு மாணவரைத் தெரியும். வாடகை கேட்கவும் தெரியும். பிந்தி எழும்பலாம், சந்தையும் பக்கத்தில். ஒரேயொரு ஆபத்து: நீங்கள் கத்தரிக்காய் பொறுக்கும்போது மேற்பார்வையாளர் அருகில் நின்று மூன்றாம் அத்தியாயம் என்னாச்சு என்பார்.

கொக்குவிலில் ரயில் நிலையம் உண்டு. மட்டக்களப்புக்கு மாகோவில் இறங்கி மாற வேண்டும் என்பதால் அது உங்களுக்கு அழகுக்குத்தான்.

நல்லூர் அமைதியான இடம், கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும்வரை. பிறகு 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் போகாது, ஒலிபெருக்கி ஓயாது, கச்சான் கடையைத் தாண்டி ஆய்வேடும் நகராது.

எங்கே எடுத்தாலும் முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். அடியில் சுண்ணாம்புக்கல், கேத்தலில் வெள்ளை படியும். பழைய சைக்கிள் ஒன்றும் வாங்குங்கள், குடாநாட்டில் ஏற்றமே இல்லை.

மற்றபடி தெரிவு செய்யப்போவது நீங்களல்ல, வீட்டுக்கார அம்மா. ஊர், தகப்பன் தொழில், படலை பூட்டும் நேரம் என்று நேர்முகத் தேர்வு நடக்கும். பல்கலைக்கழகத்துடையதைவிடக் கடினம்.