படுத்தால் ஐந்து லட்சம், நின்றால் ஒன்றுமில்லை

அனுப்புநர்:
பால்கோவா அடுப்படியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு கிழவன்,
ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
தேசிய சுகாதார ஆணையம், புது தில்லி.

பொருள்: மாத்திரை – நின்றுகொண்டே விழுங்குதல் – அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: எழுபது வயது கடந்தோருக்கான ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு, நாள் 29.10.2024.

ஐயா,

எங்கள் பக்கத்தில் கடிதத்தை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவது வழக்கம். சர்க்கரை, பிரஷர், கண் அழுத்தம் மூன்றும் என்னோடு குடியிருப்பதால் முதல் சொல்லை விட்டுவிடுகிறேன். நலமறிய ஆவல்.

2024-ஆம் ஆண்டு தன்வந்திரி ஜயந்தி அன்று தாங்கள் தொடங்கிய திட்டத்துக்கு முதலில் நன்றி. எழுபது வயது ஆகியிருந்தால் போதும். ஏழையா பணக்காரனா என்று கேட்க மாட்டோம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம் என்றீர்கள். அந்த அட்டை என் கைக்கு என்று வந்து சேரும் என்ற சில்லறை விவகாரத்துக்குள் நான் போகவில்லை. வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பெரியவர்களோடு பேசும்போது பெரிய மனதோடு பேச வேண்டும்.

என் தகராறு அட்டையோடு அல்ல, என் கால்களோடுதான். அவை இன்னும் என்னைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன. இந்த ஒரே குற்றத்துக்காக ஐந்து லட்சத்தில் ஐந்து ரூபாய்கூட எனக்குச் சேராது என்பதை ஓர் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் தெரிந்துகொண்டேன். மருந்துச் சீட்டை நீட்டினேன். அங்கிருந்த பெண் தங்கமான பிள்ளை. “அட்மிஷன் போட்டாத்தான் தாத்தா இதெல்லாம் செல்லும். நீங்க நல்லா நடந்துதான வர்றீங்க?” என்றாள். அடுத்த தடவை தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறேன் தாயி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் தங்கள் விதியின் தத்துவம் விளங்கியது. எங்கள் ஊர்க் கோயில் தங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே வடபத்ரசாயி பள்ளிகொண்டிருக்கிறார். ஆண்டாளும் ரங்கமன்னாரும் கருடாழ்வாரும் நின்ற கோலம். தங்கள் கணக்குப்படி ஐந்து லட்சத்துக்குத் தகுதி வடபத்ரசாயிக்கு மட்டும்தான். மற்ற மூவரும் புறநோயாளிகள். ரங்கமன்னாருக்கு ஒரு சலுகை உண்டு. ஆடிப்பூரத் திருவிழாவில் ஏழாம் நாள் அவர் ஆண்டாள் மடியில் சயனிப்பார். அன்று ஒரு நாள் அவருக்கும் அட்டை செல்லும். ஆண்டாளுக்கு அன்றைக்கும் இல்லை. படுத்தவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் கணக்கில் வந்துவிடுவாள்.

விதிகளை மேலும் படித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் செலவும், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் மருந்துச் செலவும் காப்பீட்டில் அடங்கும் என்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் சர்க்கரைக்கு இந்த விதியை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. பதினாறாம் நாளும் அது இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் என்றால் வேறொரு காரியத்துக்கு நாள். அதை மனதில் வைத்துத்தான் பதினைந்தோடு நிறுத்தினீர்களா என்று கேட்கத் தோன்றியது. மரியாதை கருதிக் கேட்கவில்லை.

தங்கள் பட்டியல் கஞ்சத்தனமானது என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் உண்டு. பிரஷர் ஏறி இதயக் குழாய் அடைத்தால் ஸ்டென்ட் உண்டு. கால் புண் முற்றினால் காலை எடுப்பதற்கும் பணம் உண்டு. அந்தக் கால் நிலைக்க வேண்டும் என்று தினமும் விழுங்குகிற மாத்திரைக்கு மட்டும் பணம் இல்லை. நோய் முற்றும்வரை பொறுத்திருந்து, முற்றிய பிறகு கொட்டிக் கொடுப்பது என்ற கொள்கையை எந்த நிபுணர் வகுத்தாரோ, அவர் நீடூழி வாழ வேண்டும். எந்த மாத்திரையின் தயவில் வாழ்ந்தாலும் சரி.

எனவே தங்கள் விதியை மீறாமலே ஒரு வழி சொல்கிறேன். என் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை ஆஸ்பத்திரிப் படுக்கையாக அங்கீகரியுங்கள். காலையில் ஒரு நிமிடம், ராத்திரி ஒரு நிமிடம் அதில் படுத்து மாத்திரையை விழுங்கிக்கொள்கிறேன். சேர்த்தது, டிஸ்சார்ஜ் ஆனது இரண்டையும் என் வீட்டுக்காரியே எழுதிக் கொடுப்பாள். தலையில் கட்டுப் போட்டிருந்தால்தான் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற முடியும் என்றால் அதற்கும் இங்கே பஞ்சமில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. அங்கே தறியில் நின்று ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்த என் வயதுக்காரர்கள், மெடிக்கலில் நின்று “பத்து நாளைக்கு மட்டும் குடுங்க தம்பி” என்று கேட்கிறார்கள். பத்து நாள் மாத்திரையை இருபது நாளுக்கு ஓட்டுவது அவர்கள் வீட்டு வைத்தியம்.

‘கிழவன் நன்றிகெட்டுப் பேசுகிறான், நிற்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லையா?’ என்று தாங்கள் கேட்கலாம். உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறது. சீட்டைக் காட்டினால் மாத்திரை இலவசம். படுக்கச் சொல்லிக் கேட்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பே 2024-இல் அதற்கு விருது கொடுத்தது. தங்கள் தில்லியின் மக்கள் மருந்தகங்கள் 2008-இல் தொடங்கியவை. 2025 ஜனவரியில் நாடு முழுவதும் 15,000 ஆகிவிட்டன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இரண்டிலும் மூலப்பெயர் மருந்துகள், கம்பெனிப் பெயரில் விற்பதைவிட மிக மலிவு. மில்லில் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டி வயது முடிந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தானும் துணையும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். இது தெரியாமலே ராஜபாளையத்தில் எத்தனை பேர் காசு கொடுத்து மருந்து வாங்குகிறார்களோ. இதைப் படிக்கிற யாராவது எதிர்வீட்டுத் தாத்தாவிடம் சொன்னால் இந்தக் கடிதத்தின் பாதிப் பயன் தீர்ந்தது.

ஆனால் மில்லில் பதிலித் தொழிலாளியாகவே காலத்தை ஓட்டி, ஐந்தாண்டுக் கணக்கைக் காட்ட முடியாதவருக்கு இ.எஸ்.ஐ. கதவு திறக்காது. பால்கோவா அடுப்புக்கு அந்தக் கதவே கிடையாது. அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் சீட்டிலுள்ளதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மிச்சத்துக்கு ஒரு வாசகம் உண்டு: “இத வெளிய வாங்கிக்கிடுங்க.” கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து, மூச்சிரைப்புக்கான இன்ஹேலர், இதய மருத்துவர் புதிதாக எழுதிய மாத்திரை என்று வெளியே போகிறவைதான் விலை கூடியவையாக இருக்கின்றன. மலிவு மருந்தகத்தில் பாதி விலை என்பது உண்மை. அந்தப் பாதியும் கையில் இல்லாதவர்கள்தான் இந்தக் கடிதத்தின் சொந்தக்காரர்கள்.

கையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரும் முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். தமிழ்நாடு அரசு 2023-இல் ஆயிரத்திலிருந்து உயர்த்திய தொகை இது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் எண்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்குத் தங்கள் தில்லி தரும் பங்கு 200 ரூபாய். 2007-இல் அந்தப் பெயர் சூட்டியபோதும் அதே 200-தான். எண்பதைத் தொட்டால் 500. எண்பது வரை ஓட்டுவதற்கான மருந்துச் செலவு அதில் சேர்த்தி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குகிறார். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டும் அதே ஆயிரமாக ஓடியது.

அதே காலத்தில் மாத்திரை என்ன செய்தது என்று பாருங்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து விலையைத் திருத்திக்கொள்ள அனுமதி உண்டு. 2022-இல் 10.77 விழுக்காடு, 2023-இல் 12.12 விழுக்காடு ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 2024-இல் ஏற்றம் 0.00551 விழுக்காடுதான்; ஆனாலும் ஐந்து தசம இடம் வரை கணக்குப் போட்டு அறிவித்தார்கள், சும்மா விடவில்லை. பட்டியலில் இல்லாத மருந்து என்றால் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ளலாம். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. இதற்குப் பேர் பஞ்சப்படி. மாத்திரைக்குப் பஞ்சப்படி கொடுத்தீர்கள், விழுங்குகிறவனுக்குக் கொடுக்கவில்லை. விலையைப் பார்க்கிற அலுவலகம் வேறு, ஓய்வூதிய அலுவலகம் வேறு, காப்பீட்டு அலுவலகம் வேறு என்பீர்கள். வயிறு எங்களுக்கு ஒன்றுதான், ஐயா.

ஆஸ்பத்திரியில் படுக்காதவனுக்கு மருந்துப் பணம் கொடுக்க எந்த அரசாலும் முடியாது, அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று தாங்கள் நினைத்தால், ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தில் அறுபது வயதானால் மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. அது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு ஆகாது என்பீர்கள். சரி, நம் ஊருக்கே வருகிறேன். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மருந்தகம் இல்லாத ஊரில் குடியிருந்தால், ஆஸ்பத்திரியில் சேரத் தேவையில்லாத அன்றாட மருத்துவச் செலவுக்கென்றே அவருக்கு நிலையான மருத்துவப் படி தருகிறீர்கள். 2017 ஜூலை முதல் அது மாதம் 1000 ரூபாய். ஓய்வூதியம் தனி, இது தனி.

அதாவது, வயதான மனிதன் நின்றுகொண்டும் மருந்து விழுங்குவான், அதற்கு மாதம் ஆயிரம் ரூபாயாவது ஆகும் என்று அரசாங்கமே கணக்குப் போட்டு, ஆணை போட்டு, ஆண்டுக்கணக்கில் பணமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்கு அன்றாட மருத்துவத்துக்கு மட்டும் கொடுக்கும் தொகையும், மில் தொழிலாளிக்குச் சோற்றுக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் சேர்த்து நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமும் ஒரே ஆயிரம். ஒரே நாடு, ஒரே தொகை. இந்த ஒற்றுமையை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

அவருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர் உடம்பும் உடம்புதான். அவர் வாங்குவது நியாயமான பணம். அந்த நியாயம் ஏன் அரசு அலுவலக வாசலோடு நின்றுவிட்டது என்பதுதான் என் கேள்வி. பால்கோவாவைக் கிளறிக்கொண்டே ஆயுசில் பாதியை நின்றபடி கழித்தவனுக்கு, நிற்கிற குற்றத்துக்காக மருந்து இல்லை என்பது நியாயமாகப் படவில்லை. எங்கள் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தீர்கள். பண்டத்துக்கு முகவரி கிடைத்தது. அதைக் கிண்டியவனுக்கு வந்த சர்க்கரைக்குப் பொறுப்பேற்க இன்னும் ஓர் அலுவலகமும் கிடைக்கவில்லை.

ஆகவே கயிற்றுக் கட்டில் விண்ணப்பத்தைத் தாங்கள் கிழித்துப் போட்டுவிடலாம். கீழ்க்கண்ட மூன்றை மட்டும் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: எழுபது வயதுக் காப்பீட்டின் ஐந்து லட்சத்துக்குள்ளேயே, அன்றாட மருந்துக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அந்த அட்டையைக் காட்டி மருந்து வாங்க வழி செய்யுங்கள். ஐந்து லட்சத்தை ஏற்றச் சொல்லவில்லை. அதில் ஒரு துளியைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கச் சொல்கிறேன்.

இரண்டு: மருந்து விலைக்கு எந்தக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஏற்றம் தருகிறீர்களோ, அதே எண்ணைப் பார்த்து முதியோர் ஓய்வூதிய இருநூறையும் வைப்பு நிதி ஓய்வூதிய ஆயிரத்தையும் ஏற்றுங்கள். ஐந்து தசம இடம் வரை வேண்டாம். முழு ரூபாயில் தந்தால் போதும்.

மூன்று: அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் ‘வெளியே வாங்கு’ என்று எழுதும் ஒவ்வொரு மருந்தையும் அங்கேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த ஊரில் எந்த மருந்து வெளியே போகிறது என்று தெரிந்தால், அடுத்த கொள்முதலில் அதை உள்ளே கொண்டுவரலாம். சென்னைக்கும் இதன் நகலை அனுப்பியிருக்கிறேன். இந்த மூன்றாவது அவர்கள் கையில் இருப்பது.

பக்கவாதம் வந்து விழுந்த பிறகு எனக்காகத் தாங்கள் செலவழிக்கத் தயாராக இருக்கும் பணத்தில், ஒரு சிறு பங்கைக் கொண்டு அந்தப் பக்கவாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். இது தர்மக் கணக்கு இல்லை, ஐயா. கடை வரவு செலவுக் கணக்கு. தர்மம் பிடிக்காவிட்டாலும் இலாபத்துக்காகவாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலைப் படிக்கக் கண் சொட்டு மருந்து தேவைப்படும்
ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிழவன்.