ஒரு முழ ஜெபம்

கவலைப்படுவதினால் தன் சரீர அளவில் ஒரு முழத்தைக் கூட்டிக்கொள்ளக்கூடியவன் யார் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கேட்ட கேள்விக்கு, சரீரத்தைப் பொறுத்தமட்டில் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ஜெபத்தில் ஒரு முழம் அல்ல, ஒன்பது முழம் கூட்டலாம் என்பதற்கு என் குடும்பம் முழுவதும் முழங்காலில் நின்று சாட்சி சொல்லும்.

கவலை எங்கள் வம்சத்துச் சொத்து. 1715-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிவிட்டபடியால், அந்த உபதேசம் விளங்காத பாஷையில் இருந்தது என்று நாங்கள் சாக்குச் சொல்லவும் வழியில்லை. போதாக்குறைக்கு, எதைக்குறித்தும் கவலை வேண்டாம், எல்லாவற்றையும் ஜெபத்தில் தெரிவியுங்கள் என்று பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்குப் புத்தி சொன்ன பவுல் அப்போஸ்தலர், அந்த நிருபத்தை எழுதியபோது காவலில் கட்டுண்டிருந்தவர்; பாளையங்கோட்டையில் சொந்த வீட்டுத் திண்ணையில் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நானோ, மழை பெய்தால் ஓடு ஒழுகுமே என்றும், பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்றும் ஒரே நாளில் இரண்டு பக்கமும் விசாரப்படும் சாமர்த்தியம் வாய்ந்தவன். ஆகவே அப்போஸ்தலர் சொன்னதில் முற்பாதியை விட்டுவிட்டுப் பிற்பாதியை மட்டும் கைக்கொண்டேன். எல்லாவற்றையும் தெரிவித்தேன்.

இளைய மகன் உத்தியோக இண்டர்வியூவுக்காகச் சென்னப்பட்டணம் புறப்பட்ட சாயங்காலம், வாசலில் ஜட்கா வந்து நிற்க, அவனுடைய சர்டிபிகேட்டுகள் அடங்கிய பழுப்புக் கவரை ஆசீர்வாதத்தின் பொருட்டு வேதப்புத்தகத்தின் கீழே வைத்துக் கண்களை மூடினேன். வண்டி திருநெல்வேலியை விட்டுக் க்ஷேமமாய்க் கிளம்பவேண்டும் என்று ஆரம்பித்து, சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதபடிக்கும், மதுரையில் கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்கி வண்டியைத் தவறவிடாதபடிக்கும், மணப்பாறையில் முறுக்குக்காரன் கூவும் சோதனைக்கு உட்படாதபடிக்கும், விசேஷமாய்ச் சர்டிபிகேட்டுகள் எவ்விடத்திலும் தொலைந்துபோகாதபடிக்கும் விண்ணப்பம் செய்துகொண்டே போனேன்.

“தாத்தா, திண்டுக்கல்லை விட்டுட்டீங்க” என்று மகள் வயிற்றுப் பேரன் மூடிய கண் திறவாமலே எடுத்துக்கொடுத்தான். பிழை பிழைதான்; திரும்பவும் திண்டுக்கல்லுக்குப் போய் அங்கிருந்து புறப்பட்டேன்.

விழுப்புரம் வந்தபோது அத்தை உரத்த குரலில், “ஆமென்” என்றாள். எண்பத்திரண்டு வயதுக்காரி சொல்லிவிட்ட ஆமெனுக்கு மேல் பேச எங்கள் சபையில் ஐயருக்கே தைரியம் கிடையாது. “இதுக்கு மேல ஆண்டவருக்கு வழி தெரியும்யா; ஜட்காக்காரன்தான் போயிருவான்” என்றாள். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். செங்கற்பட்டும் எழும்பூரும் ஜெபத்தில் சேராமலே வண்டி போய்விட்டது.

எனக்கு உறக்கம் ஏது? ஒரு சங்கீதமாவது வாசித்து மனதைத் தேற்றிக்கொள்வோம் என்று இரவு ஒன்பது மணிக்கு வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தேன். கீழே பழுப்புக் கவர் இருந்தது. நான் விசேஷமாய் வேண்டிக்கொண்டபடியே, அதில் ஒரு தாளும் தொலையவில்லை.

இண்டர்வியூவுக்கு மூன்று நாள் இருந்ததனால், விடிந்ததும் கவரை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் எனக்கு ஒரு ஸ்டேஷனும் ஞாபகம் வரவில்லை. “ஆண்டவரே, அந்தக் கவர்...” என்றேன், அதற்குமேல் நா எழவில்லை. அவ்வளவுதான் ஜெபம். சற்றுநேரம் கழித்து அத்தை, “இன்னைக்குத்தான்யா நீ ஜெபம் பண்ணியிருக்கே” என்றாள். சோறு ஆறாமல் நாங்கள் சாப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

கவர் போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது. உத்தியோகத்தில் சேர அடுத்த மாதம் அவன் மறுபடியும் புறப்படுகிறான். வழியனுப்பு ஜெபத்தை அத்தையே நடத்துவது என்று வீட்டில் ஏகமனதாய்த் தீர்மானமாகிவிட்டது. கவரை இப்பொழுதே அவன் பெட்டிக்குள் வைத்தாயிற்று. இன்று காலையில் மட்டும் மூன்று முறை திறந்து பார்த்தேன், இருக்கிறது.