குளூட்டன் போயும் வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: கோதுமையை விட்டு 'குளூட்டன் ஃப்ரீ' பிரெட், பிஸ்கட்டுக்கு மாறினேன். வயிறு முன்பைவிட அதிகமாக உப்புகிறதே, ஏன்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற ஒரே ஆளை வெளியேற்றிவிட்டு, அந்த வேலைக்கு சாந்தன் கம், குவார் கம் என்று ஒரு கூட்டத்தையே அமர்த்தியிருப்பார்கள். நார்ச்சத்துக்கு இன்யுலின் வேறு. இவை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்து, வாயு உங்களுக்கு.

இன்னொன்று. குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய 59 பேரிடம் நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், வயிற்றை அதிகம் உப்ப வைத்தது ஃப்ரக்டான். கோதுமையில் மட்டுமல்ல, வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிற சரக்கு அது. ஆக, தண்டனை ஆள் மாறிப் போயிருக்கலாம்.

குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்தால்தான் முடிவு சரியாக வரும். நீங்களோ நிறுத்திவிட்டீர்கள், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நோய்தான் என்று உறுதியானால், கோதுமையே படாத இட்லியை நம்பலாம், சாம்பாரை விசாரிக்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா உண்டு.